அக்காள் வருஷம், தங்கை வருஷம்

அந்தக் காலத்தில் மீனுக்கும் பறவைக்கும் ஒரே பேச்சுதான். கரடி சொன்னது நண்டுக்குப் புரியும். நண்டு முணுமுணுத்தால் கரடிக்குக் கோபம் வரும். வெகு வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஒரு கரையில், மலையிலிருந்து இறங்கிக் கடலில் சேரும் ஓர் ஆறு இருந்தது. இளஞ்சிவப்புச் சால்மன் என்று இன்று நாம் சொல்லும் மீன்களின் குடி அந்த ஆற்றில்தான் பிறந்து பெருகியது.

அவர்களுடைய பிழைப்பு அப்போது இப்போது மாதிரி இல்லை. கோடை முடியும் சமயத்தில் எல்லோரும் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வருவார்கள். கூழாங்கல் பரப்பில் குழி பறித்து, முட்டையிட்டு, கல்லால் மூடுவார்கள். குளிர் இறுகுவதற்குள் மறுபடி கடலுக்குத் திரும்பிவிடுவார்கள். அடுத்த வருஷமும் வருவார்கள், அதற்கடுத்த வருஷமும் வருவார்கள். வரும் வழியில் வயிறாரச் சாப்பிடுவார்கள். ஆண்களின் முதுகு ஓடத்தின் அடிப்பாகம் மாதிரி வழவழப்பாக, நேராக இருக்கும். கண் மங்கி, செதில் உதிர்ந்து, வயசான பிறகுதான் சாவார்கள்.

குடி பெருகிக்கொண்டே போனது. கூழாங்கல் பரப்பு மட்டும் பெருகவில்லை. முட்டைக்கு எல்லாக் கல்லும் ஆகாது. கீழே கடலோரம் சேறு. சேற்றில் வைத்தால் முட்டை மூச்சு முட்டிச் செத்துவிடும். மேலே மலையடியில் பெரிய பாறைகள்; அவற்றைப் புரட்ட எந்த வாலுக்கும் பலம் கிடையாது. நடுவில் இரண்டு வளைவுகளுக்கு இடையே உள்ள பரப்புதான் எல்லோருக்கும். அங்கே கல் அளவாக இருக்கும், தண்ணீர் கல்லுக்குள் புகுந்து புறப்படும்.

இடத்துக்காக அடிதடி வராமல் இருக்க அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழி பறிக்கும் முன் வாலால் கல்லைத் தட்டி, "வீட்டுல ஆள் இருக்கா?" என்று கேட்க வேண்டும். இருந்தால், "இருக்கோம், தள்ளிப் போங்க" என்று பதில் வரும். பதில் இல்லை என்றால் இடம் கேட்டவருடையது. மூடிய குழிக்கு மேல் யாரும் அடையாளம் வைப்பதில்லை. வைத்தால் முட்டைத் திருடர்களுக்கு வழி காட்டியது போல் ஆகிவிடும். கல்லின் நிறத்தை வைத்து ஓரளவு சொல்லலாம். பாசி படிந்த கல் கறுப்பாகக் கிடக்கும், தோண்டிப் புரட்டிய கல் வெளுப்பாகத் தெரியும். ஆனால் வெள்ளம் வந்து புரட்டினாலும் கல் வெளுக்கத்தான் செய்யும். அதனால் கேட்பதுதான் முறை.

அந்தக் குடியில் வெள்ளாச்சி, செவலை என்று அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒரே குழியில் பிறந்தவர்கள். வெள்ளாச்சி எதற்கும் துணிந்தவள். செவலை எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை யோசிப்பவள். ஓர் இறாலைப் பிடிப்பதென்றால்கூட அதைச் சுற்றி வந்து, அது இறால்தானா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அதற்குள் அந்த இறாலை வேறு யாராவது சாப்பிட்டிருப்பார்கள்.

"நீ பார்த்துப் பார்த்தே பட்டினி கிடக்கப் போற," என்பாள் வெள்ளாச்சி.

"பார்க்காம தின்னுட்டு வயித்து வலியில படுக்கறத விட அது மேல்," என்பாள் செவலை.

அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் ஆற்று நடுவில் இருந்த அருவி. நாலைந்து மீன் நீளத்துக்கு உயர்ந்து நிற்கும் வெள்ளைச் சுவர் அது. ஒவ்வொரு வருஷமும் அக்காள் பின்னாலிருந்து முட்டித் தள்ளினால்தான் அவள் தாவுவாள். தாவி மேலே விழுந்ததும், "அவ்வளவுதானா?" என்று கேட்பாள். அடுத்த வருஷம் மறுபடி நடுங்குவாள்.

அந்த வருஷம் வெள்ளாச்சி முன்கூட்டத்தோடு ஏறிவிட்டாள். செவலை பின்கூட்டத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். வெள்ளாச்சியின் புருஷன் பெயர் மினுக்கன். தன் முதுகைப் போல நேரான முதுகு அந்த ஆற்றிலேயே இல்லை என்று நம்புகிறவன்; மேகம் விலகி வெயில் வந்தால் உடனே பக்கவாட்டில் திரும்பி மினுக்குவான். ஆனால் உழைப்பாளி. இரண்டு பேருமாக நல்ல இடம் பார்த்துக் கேட்டு, பதில் இல்லாததால் குழி பறித்தார்கள். வெள்ளாச்சி முட்டையிட்டாள். அடிவயிற்றில் கடைசியாகக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே கல்லால் மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"பின்கூட்டம் இந்நேரம் அருவிக்கு வந்திருக்கும். செவலை அங்கயே நின்னு நடுங்கிட்டிருப்பா. நான் போய் அவளைத் தள்ளி விட்டுட்டு வரேன்," என்றாள்.

"போயிட்டு வா. நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் மினுக்கன்.

"இங்கயே இருங்க. யாராவது கேட்டா பதில் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேனா? ஆறு முழுக்கக் கேக்கற மாதிரிச் சொல்றேன்."

வெள்ளாச்சி போனாள். போன கொஞ்ச நேரத்தில், ஆழமான மடுவிலிருந்து இளவட்டங்கள் சிலர் கூப்பிட்டார்கள். மடுவில் யார் வேகமாக வட்டமடிப்பது என்று பந்தயமாம். "மினுக்கண்ணே, வயசாயிடுச்சா? வீட்டைக் காவல் காக்கற அளவுக்கு வந்துட்டீங்களே," என்றான் ஒருவன். மினுக்கன் குழியைப் பார்த்தான், மடுவைப் பார்த்தான். மடு கூப்பிடு தூரம்தான். யார் கேட்டாலும் காதில் விழும் என்று நினைத்துக்கொண்டு போனான். மடுவுக்குள் தண்ணீர் சுழலும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது என்பது அவன் நினைவுக்கு வரவில்லை.

அதே சமயம் செவலை அருவிக்குக் கீழே வரவே இல்லை. முந்தின நாட்களில் மழை கொட்டியிருந்தது. அருவியைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு பழைய வாய்க்கால், வெயில் காலத்தில் வறண்டு கிடப்பது, இப்போது நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. செவலை அதைக் கண்டதும் அவள் மனசு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. தாவ வேண்டாம். அக்காள் வந்து தள்ளவும் வேண்டாம். 'இந்தத் தடவை நானே போய் அவள் முன்னால் நிற்கலாம்' என்று நினைத்தபோது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பின்கூட்டம் முழுவதும் அவள் பின்னாலேயே வாய்க்காலில் நுழைந்தது. அக்காள் அருவியடியில் காத்திருக்க, தங்கை பக்கத்து வழியாக மேலே போய்விட்டாள்.

கூழாங்கல் பரப்புக்கு வந்தபோது செவலையின் வயிறு முட்டையால் கனத்திருந்தது. கரையோரமாக ஒரு வெளுத்த இடம் கண்ணில் பட்டது. தண்ணீர் அங்கே மெதுவாக மடங்கி, கல்லுக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் உடனே தோண்டவில்லை. சுற்றி வந்தாள். வெளுப்பு வெள்ளத்தால் வந்ததா, வாலால் வந்ததா என்று பார்த்தாள். தெரியவில்லை. வாலால் தட்டிக் கேட்டாள்.

"வீட்டுல ஆள் இருக்கா?"

பதில் இல்லை.

கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி கேட்டாள். "ஆள் இருந்தா சொல்லுங்க. நான் தோண்டப் போறேன்."

தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பின்கூட்டத்தில் மொக்கையன் என்று ஒருவன் இருந்தான். அவன் பொறுமை இழந்து, "தாயி, நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள பனி விழுந்துடும். காலியா இருக்குன்னுதானே அர்த்தம்," என்றான்.

கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட்டு, செவலை பக்கவாட்டில் சாய்ந்து, வாலை ஓங்கி அடித்தாள். கல் கிளம்பியது. இன்னொரு அடி. இன்னொன்று. நாலாவது அடியில் கல்லோடு சேர்ந்து செம்மணிகள் போல ஏதோ கிளம்பித் தண்ணீரில் சிதறியது.

முட்டைகள்.

செவலைக்கு முதலில் அவை தன் முட்டைகளோ என்று தோன்றியது. தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். வயிறு அப்படியேதான் இருந்தது. அதற்குள் ஓட்டம் முட்டைகளை இழுத்துக்கொண்டது. அந்த ஆற்றிலேயே பிறந்து, கடலுக்குப் போகாமல் அங்கேயே சுற்றித் திரியும் புள்ளியன் என்ற மீன் ஒன்று உண்டு. அடுத்தவர் முட்டையில் உடம்பை வளர்த்தவன். அவன் ஒரு கல்லின் நிழலிலிருந்து வாயைத் திறந்தபடியே வந்தான். மேலிருந்து கடற்காகங்கள் இறங்கின.

"யாராவது வாங்க," என்றாள் செவலை. அவள் குரல் பெரிசாக வரவில்லை. "இங்க முட்டை இருக்கு. யாருதுன்னு தெரியல. வாங்க."

மடுவில் கடற்காகங்களின் நிழல் விழுந்தபோதுதான் மினுக்கன் திரும்பிப் பார்த்தான். அதன்பிறகு அவன் வந்த வேகத்தைப் பந்தயத்தில் யாரும் பார்த்ததில்லை. வந்தவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குழிக்குக் கீழே தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் ஓட்டத்துக்குக் குறுக்கே உடம்பைப் போட்டான். கல்லில் வயிற்றை அழுத்தி, முதுகைத் தூக்கி, தன்னை ஓர் அணையாக்கிக்கொண்டான். மிதந்து வந்த முட்டைகள் அவன் விலாவில் வந்து தங்கின. தண்ணீருக்கு மேலே தெரிந்த முதுகைக் கடற்காகங்கள் கொத்தின. அவன் அசையவில்லை.

"கொழுந்தியா, முட்டைய எடு. சீக்கிரம் எடுத்துக் கல்லுக்குள்ள வை," என்றான்.

அப்போதுதான் அது யாருடைய வீடு என்று செவலைக்குத் தெரிந்தது.

அவள் எடுத்தாள். வாயில் ஒவ்வொன்றாகக் கவ்வி, உடையாமல், கல்லிடுக்கில் கொண்டுபோய் வைத்தாள். மினுக்கனும் ஒரு பக்கம் அணையாக இருந்துகொண்டே எட்டிய கல்லையெல்லாம் வாயால் கவ்வி இழுத்துக் குழியை மூடப் பார்த்தான். மீனின் வாய் கல் சுமப்பதற்குச் செய்ததல்ல. அவன் மேல் தாடை வளைந்து கொக்கி மாதிரி ஆகும்வரை சுமந்தான்.

வெள்ளாச்சி திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அருவியடியில் தங்கையைக் காணாமல், 'இந்தத் தடவை வராமலேயே இருந்துவிட்டாளோ, வழியில் ஏதாவது பிடித்துக்கொண்டதோ' என்று பதறி வந்தவள், தங்கை தன் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகுதான் குழியைப் பார்த்தாள். புருஷனின் முதுகைப் பார்த்தாள். புள்ளியன் வயிறு உப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தாள்.

"கேட்டேங்க்கா," என்றாள் செவலை. "மூணு தடவை கேட்டேன்."

"நீ கேட்டிருப்ப. எனக்குத் தெரியாதா?" என்றாள் வெள்ளாச்சி. பிறகு, "எந்த வழியா வந்த?" என்று கேட்டாள்.

"வாய்க்கால் வழியா."

வெள்ளாச்சி வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குழியைச் சுற்றி ஒருமுறை வந்தாள். கல்லிடுக்கில் செவலை வைத்த முட்டைகளில் பாதி வெளுத்துப் போயிருந்தன. இனி அவை பொரிக்காது. மிச்சம் பிழைத்தது கொஞ்சம்தான்.

மினுக்கன் மெதுவாக நீந்திப் பக்கத்தில் வந்தான். "நான்தான் போயிட்டேன். மடுவுக்கு. பந்தயம்னு கூப்பிட்டாங்க," என்றான்.

"முதுகை நிமிர்த்திட்டுப் பேசுங்க."

"நிமிர்ந்துதான் இருக்கேன்."

அவன் முதுகு நிமிரவில்லை. அணையாகத் தூக்கிய இடத்தில் அப்படியே தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வெள்ளாச்சி அவனைப் பார்த்தாள். திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அவளை விட்டுப் போய்விட்டன.

அவள் தங்கையின் பக்கம் திரும்பினாள். "சரி. என் வயித்துல இனி ஒரு வாய் அளவுதான் மிச்சம். உன் வயிறு நிறைய இருக்கு. குழி பறிச்சாச்சு, தண்ணியும் நல்லா ஓடுது. நீ உன்னோடதைப் போடு. ரெண்டுல ஒரு வீடாவது நிறையட்டும்."

அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். அதுதான் செவலைக்குத் தாங்கவில்லை. அக்காள் வைதிருந்தால் அழுதுவிட்டு, அவள் சொன்ன இடத்தில் முட்டையிட்டிருப்பாள்.

செவலை யோசித்தாள். வழக்கம்போல எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றி யோசித்தாள். அந்தக் குழியில் அவள் முட்டையிட வேண்டும் என்றால் அதை இன்னும் ஆழமாகப் பறிக்க வேண்டும். பறித்தால் பிழைத்திருக்கும் அக்காளின் முட்டைகளும் போய்விடும். வேறு இடம் போகலாமா என்று அவள் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். வளைவிலிருந்து வளைவு வரை ஆறு முழுவதும் வெளுத்துக் கிடந்தது. ஒரு கறுப்புக் கல் இல்லை. எது வீடு, எது வெள்ளம் புரட்டிய வெறும் கல் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கேட்கலாம். கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். சாப்பிடப் போனவர்கள் சொல்ல மாட்டார்கள். பந்தயத்துக்குப் போனவர்கள் சொல்ல மாட்டார்கள். தங்கையைக் கூட்டிவரப் போனவர்கள் சொல்ல மாட்டார்கள்.

"அக்கா, உன் மிச்சத்தை இங்கயே போடு. நான் மூடித் தரேன். நான் இந்த வருஷம் போடல. திரும்பிப் போறேன்," என்றாள்.

"எங்க?"

"கடலுக்கு. அடுத்த வருஷம் வரேன்."

"வயித்துல வச்சுக்கிட்டா? ஒரு வருஷமா? அது உள்ளயே கல்லாப் போயிடும்டி. யாரும் அப்படிச் செஞ்சதில்ல."

"கல்லாப் போனாலும் என்னோடதுதானே போகும்," என்றாள் செவலை. அவள் உடம்பு நடுங்கியது. அருவிக்கு முன்னால் நடுங்குவதை விட அதிகமாக நடுங்கியது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

அவள் பின்னால் நின்ற கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மொக்கையன் முன்னால் வந்தான். "நீ செஞ்சதுக்கு நீ போற. அது உன் நியாயம். நாங்க என்ன செஞ்சோம்? எங்க பொண்டாட்டிங்க வயித்துலயும் முட்டை இருக்கு."

"இருக்கட்டும். எங்க தோண்டப் போறீங்க?" என்று கேட்டாள் செவலை.

"கேட்டுட்டுத் தோண்டுவோம். உன்ன மாதிரி."

அந்த நேரம் பார்த்து, கல்லின் நிழலில் கிடந்த புள்ளியன் பேசினான். அவன் பேசாமல் இருந்திருந்தால் மொக்கையன் சொன்னதுதான் நடந்திருக்கும்.

"அதான் சரி மாமா," என்றான் புள்ளியன், ஏப்பம் விட்டுக்கொண்டே. "பொம்பளைங்க பேச்சக் கேட்டுத் திரும்பலாமா? மேல நல்ல இடமா இருக்கு. நான் காட்டறேன் வாங்க. எல்லாரும் தோண்டுங்க. நல்லா ஆழமாத் தோண்டுங்க. நான் கூடவே இருக்கேன்."

கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த கடற்காகங்களும், "வாங்க, வாங்க, தோண்டுங்க," என்று தலையை ஆட்டின.

மொக்கையன் புள்ளியனின் வயிற்றைப் பார்த்தான். கடற்காகங்களைப் பார்த்தான். அவன் மனைவிதான் மெதுவாகச் சொன்னாள்: "இவங்க இவ்வளவு ஆசையாக் கூப்பிடற இடத்துல நான் முட்டை போட மாட்டேன்."

யாருக்குமே முதல் ஆளாக வாலை ஓங்க மனசு வரவில்லை. முணுமுணுத்தார்கள், சபித்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் பின்கூட்டம் முழுவதும் தலையைக் கடல் பக்கம் திருப்பியிருந்தது.

வெள்ளாச்சி தன் மிச்ச முட்டையைப் போட்டாள். செவலை கல்லை அள்ளி அள்ளி மூடினாள்.

"நான் இந்தத் தடவை குளிர் முழுக்க இங்கயே காவல் இருக்கேன். குளிர் விட்டதும் பிள்ளைங்களோட கீழ இறங்கிடுவேன்," என்றாள் வெள்ளாச்சி. "ஆத்து வாய்ல வந்து நில்லு. கடலுக்குள்ள போயிட்டா உன்ன எங்க தேடுவேன்?"

"பனி உடையற அன்னைக்கே வந்து நிப்பேன்," என்றாள் செவலை.

கடலில் அந்தக் குளிர்காலம் செவலைக்கு நீண்டதாக இருந்தது. வயிறு கனத்தது. வேகமாக நீந்த முடியவில்லை. ஒரு கடல்நாய் அவள் வாலில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போனது. முட்டை உள்ளே கல்லாகிவிட்டதா என்று தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆகவில்லை.

பனி உடைந்த அன்று அவள் ஆற்று வாயில் நின்றாள். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடம் அது. அக்காளின் வெள்ளை வயிறு எப்போது தெரியும் என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மீன் எதுவும் வரவில்லை. விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன்கள்தான் கும்பல் கும்பலாக இறங்கி வந்தன. உடம்பில் ஒரு கோடோ புள்ளியோ கிடையாது. வெறும் வெள்ளி.

செவலை ஒரு கும்பலை நிறுத்தினாள். "யார் வீட்டுப் பிள்ளைங்க நீங்க?"

"தெரியாது," என்றது ஒன்று. "கல்லுக்கு அடியில இருந்தோம். இப்ப வெளிய வந்தோம்."

"உங்க அம்மா கூட வரலையா?"

பொடிகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. "அம்மான்னா யாரு?"

"கல்லுக்கு மேல இருந்திருப்பாளே."

"ஆமா, மேல யாரோ வாலால தட்டிக்கிட்டே இருந்தாங்க," என்றது இன்னொன்று. "நாங்க முட்டையா இருந்தப்பவே கேக்கும். யாரோ 'ஆள் இருக்கா'ன்னா, 'இருக்கோம், தள்ளிப் போங்க'ன்னு சொல்லுவாங்க. அப்புறம் அந்தச் சத்தம் நின்னுபோச்சு."

செவலை அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். "நேராப் போங்க. பெரிய வாய் தெரிஞ்சா ஒதுங்கிக்குங்க. எதையும் பார்த்துச் சாப்பிடுங்க," என்று மட்டும் சொன்னாள். அவை சிரித்துக்கொண்டே கடலுக்குள் மறைந்தன.

கோடை முடிந்ததும் பின்கூட்டம் ஆற்றில் ஏறியது. அந்த வருஷம் மழை இல்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. செவலை அருவிக்கு முன்னால் வந்து நின்றாள். பின்னாலிருந்து முட்டித் தள்ள யாரும் இல்லை. அவள் பின்வாங்கினாள், மறுபடி வந்தாள், மறுபடி பின்வாங்கினாள். பிறகு தாவினாள். முதல் தடவை பாறையில் மோதி விழுந்தாள். இரண்டாம் தடவை மேலே போய் விழுந்தாள்.

கூழாங்கல் பரப்பு அமைதியாக இருந்தது. கல்லெல்லாம் கறுத்துப் பாசி படிந்து கிடந்தது. முன்கூட்டத்தில் ஒருவரைக்கூடக் காணவில்லை. முங்குக்குருவி ஒன்று மட்டும், தண்ணீருக்குள் இறங்கி ஆற்றடியில் நடந்து இரை தேடும் அந்தச் சின்னக் கறுப்புப் பறவை, ஒரு கல்லின் மேல் நின்று ஆடிக்கொண்டிருந்தது.

"உன் அக்கா உனக்கு ஒண்ணும் சொல்லிவிடல," என்றது குருவி. "சொல்ற நிலையில அவ இல்ல. நீங்க போனதும் அவ குழி மேல போய் நின்னா. நின்னவ நகரவே இல்ல. சாப்பிடப் போகச் சொன்னேன். 'ஒரு தடவை நகர்ந்தது போதும்'னா. அவ புருஷனும் அப்படித்தான். அந்தக் கூன் முதுகோட குறுக்க நின்னு, புள்ளியனைக் கிட்ட அண்ட விடல. அவங்களப் பார்த்து அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களும் நகரல. ஒவ்வொருத்தரா மெலிஞ்சு, வெளுத்து, அப்படியே சாஞ்சுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கரடி சாப்பிட்டுச்சு. நான் கொஞ்சம் சாப்பிட்டேன். ஆத்துப் புழு பூச்சியெல்லாம் சாப்பிட்டுச்சு. கரை மேல மரங்கூட இந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாத்தான் துளிர்த்திருக்கு. ஆனா ஒரு குழியும் தோண்டப்படல. அத்தனை பிள்ளைங்க இந்த ஆத்துல இறங்கி நான் பார்த்ததே இல்ல."

செவலை அக்காளின் இடத்துக்குப் போனாள். வாலால் தட்டினாள்.

"வீட்டுல ஆள் இருக்கா?"

பதில் இல்லை என்று தெரிந்தும் காத்திருந்தாள். பிறகு அங்கேயே குழி பறித்தாள். ஒரு வருஷம் சுமந்த முட்டைகள் கல்லாகாமல் வெளியே வந்தன. வழியில் அவளோடு சேர்ந்த ஒருவன், நல்ல நேரான முதுகுக்காரன், குறுக்கே நின்றான். ஓட்டத்தைத் தடுக்க முதுகைத் தூக்கினான். அது அப்படியே நின்றுவிட்டது. மூடி முடித்த பிறகு மொக்கையனும் அவன் மனைவியும் எதிர்க்கரையிலிருந்து கூப்பிட்டார்கள்.

"முடிஞ்சுதா தாயி? கடலுக்குப் போகலாமா?"

செவலை குழியைப் பார்த்தாள். மேலே ஏறி வரும் யாரோ ஒருத்தி, அவள் எவ்வளவு கவனமானவளாக இருந்தாலும், வாலால் தட்டி மூன்று தடவை கேட்கக்கூடும். அப்போது பதில் சொல்ல ஆள் வேண்டும்.

"நீங்க போங்க. நான் இருக்கேன்," என்றாள்.

மொக்கையன் கொஞ்ச தூரம் போனான். திரும்பி வந்தான். "எனக்கு மட்டும் அங்க யாரு இருக்கா?" என்று முனகிக்கொண்டே தன் குழி மேல் போய் நின்றான். மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

அவர்கள் பிள்ளைகள் கல்லைவிட்டு வெளியே வந்து கடலுக்கு இறங்கிய வருஷம், வெள்ளாச்சியின் பிள்ளைகள் வளர்ந்து ஆற்றுக்கு ஏறி வந்தார்கள். பரப்பு காலியாக இருந்தது. தட்டிக் கேட்டார்கள், யாரும் இல்லை. நிம்மதியாகத் தோண்டினார்கள், காவல் நின்றார்கள், அங்கேயே சாய்ந்தார்கள். அதற்கடுத்த வருஷம் செவலையின் பிள்ளைகள் வந்தபோது அவர்களுக்கும் ஆறு காலியாகவே இருந்தது.

அப்படித் தொடங்கியதுதான். அன்றிலிருந்து இந்த மீனுக்கு ஆயுள் இரண்டு வருஷம். ஆற்றில் நுழைந்ததும் ஆண்களுக்குக் கூன் விழுகிறது, தாடை வளைகிறது. ஒரு வாய் இரை எடுப்பதில்லை. முட்டையிட்ட இடத்தைவிட்டு உயிரோடு திரும்புவதும் இல்லை. ஆற்றங்கரையில் நின்று வருஷா வருஷம் மீன் எண்ணுகிற ஆராய்ச்சிக்காரர்கள், ஒற்றைப்படை வருஷத்தில் வருவது ஒரு வம்சம், இரட்டைப்படை வருஷத்தில் வருவது வேறு வம்சம், இரண்டும் கலப்பதே இல்லை என்கிறார்கள். அது அக்காள் வருஷம், இது தங்கை வருஷம். ஒரே கல்லில் பிறந்தும் அந்தப் பிள்ளைகள் ஆற்றில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் வீட்டை ஒருவர் தோண்டியதும் இல்லை.